நாப்பது தாண்டினப்புறம் கனடா பிஆர்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

நாங்க குடும்பத்தோட கனடா வந்ததே நாப்பது தாண்டினப்புறம்தான், அதனால சொந்தக்காரங்க, பழைய ஆபீஸ் ஆளுங்க, அவங்க ஃபிரண்டோட ஃபிரண்டுன்னு யாராவது ஒருத்தர் போன் பண்ணி பிஆர் (கனடாவுல நிரந்தரமா குடியிருக்கற அனுமதி) பத்தி அதே சந்தேகத்த கேட்டுட்டே இருக்காங்க. முப்பது வயசுக்காரங்களுக்கு சொல்ற அட்வைஸ் நம்ம வயசுக்கு பாதி பொருந்தாது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில் எழுதியிருக்கேன். இது 2025 கடைசி வரைக்கும் இருந்த நிலவரம், ரூல்ஸ் அடிக்கடி மாறும், காசு கட்டறதுக்கு முன்னாடி கனடா குடியேற்றத் துறையான ஐஆர்சிசி சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

எனக்கு 43 ஆகுது, இனிமே அப்ளை பண்ணவே முடியாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்ல. எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற, வேலைத் திறமைக்கு பாயிண்ட் போட்டு பிஆருக்கு ஆள எடுக்கற கனடா முறைல மேல் வயசு வரம்புன்னு ஒண்ணு கிடையாது, 50 வயசுக்காரர் கூட ப்ரொஃபைல் போடலாம். ஆஸ்திரேலியால 189, 190, 491 விசாவுக்கெல்லாம் இன்விடேஷன் வர்றப்போ 45 வயசு ஆகியிருக்கக் கூடாது, அங்க கதவு சாத்தியாச்சுன்னா சாத்தியாச்சு. அந்த ரூல இங்க கொண்டு வந்து குழப்பிக்கறாங்க.

ஆனா கதவு தொறந்திருக்குங்கறதுக்காக ஈஸின்னு அர்த்தம் இல்ல. வயசுக்கான பாயிண்ட் போயிடும், அத வேற எங்கயாவது சம்பாதிக்கணும். கீழ வர்ற பதில்கள்ல பாதி அதப் பத்திதான்.

வயசு ஏற ஏற எவ்ளோ பாயிண்ட் குறையும் அக்கா? கரெக்டா சொல்லுங்க

கல்யாணம் ஆனவங்க கணக்குல 20லேருந்து 29 வரைக்கும் 100 பாயிண்ட். 30ல 95, 35ல 70, 40ல 45. அதுக்கப்புறம் சரிவு ரொம்ப வேகம்: 41ல 35, 42ல 25, 43ல 15, 44ல 5, 45ல சுத்தமா ஜீரோ. முப்பதுகள்ல ஒரு பிறந்தநாளுக்கு 5 பாயிண்ட் போகும், 41லேருந்து 44 வரைக்கும் ஒரு பிறந்தநாளுக்கு 10 போகும். அதனால 40லேருந்து 44க்குள்ள இருக்கறவங்க "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க, மத்த எதுக்கும் இல்லாத அவசரம் இதுக்கு உண்டு.

45 தாண்டிட்டவங்களுக்கு ஒரு ஆறுதல், இனிமே இந்தப் பக்கம் குறையறதுக்கு ஒண்ணும் இல்ல. நிதானமா மத்ததத் தயார் பண்ணலாம். ஆனா 67 பாயிண்ட்னு இன்னொரு கணக்கு இருக்கு, அது அடுத்த கேள்வில.

ஒருத்தர் 67 பாயிண்ட் போதும்ங்கறார், இன்னொருத்தர் 500 வேணும்ங்கறார். எது உண்மை?

ரெண்டும் உண்மை, ரெண்டும் வேற வேற கணக்கு. வெளிநாட்டுலேருந்து அப்ளை பண்றவங்க பெரும்பாலும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்துல வருவாங்க, அதுக்குள்ள நுழையவே 100க்கு 67 எடுக்கணும். நுழைஞ்சப்புறம் பூல்ல (ப்ரொஃபைல் போட்டுக் காத்திருக்கற கூட்டத்துல) இருக்கற எல்லாரையும் 1200க்கு வரிசைப்படுத்தற கணக்கு சிஆர்எஸ், மேல சொன்ன 100லேருந்து குறையற வயசு பாயிண்ட் இதுலதான். நம்ம வயசுக்காரங்க எல்லாரும் சிஆர்எஸ் பத்தியே பேசிட்டு இந்த 67ஐ மறந்துடறாங்க, மாட்டறதே இங்கதான்.

போட்டுக் காட்டறேன். 45 வயசு, மாஸ்டர்ஸ் டிகிரி, ஆறு வருஷத்துக்கு மேல அனுபவம், இங்கிலீஷ்ல கேக்கறது, பேசறது, படிக்கறது, எழுதறது நாலுலயும் சிஎல்பி 9 (சிஎல்பிங்கறது கனடாவோட மொழி அளவுகோல்). வயசுக்கு 2, படிப்புக்கு 23, அனுபவத்துக்கு 15, இங்கிலீஷுக்கு 24. கூட்டினா 64. இவ்ளோ நல்ல ப்ரொஃபைல் வெச்சுக்கிட்டு உள்ளயே போக முடியாது! கணவரோ மனைவியோ இங்கிலீஷ் டெஸ்ட் எழுதி வெறும் சிஎல்பி 4 எடுத்தா 5 பாயிண்ட் வரும், 69 ஆயிடும். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, அத்தை மாமா சித்தப்பா மாதிரி நெருங்கின சொந்தம் யாராவது அங்க பிஆர் இல்ல சிட்டிசனா குடியிருந்தாலும் 5 வரும், ஆனா கஸின் கணக்குல வராது. 47 வயசுல வயசுக்கு ஜீரோ, வெறும் பேச்சிலர்ஸ் டிகிரின்னா படிப்புக்கு 21, அவருக்கு ஸ்பவுஸோட 5 சேத்தாலும் 65தான், பிரெஞ்ச் ஓரளவு தெரிஞ்சா வர்ற 4 பாயிண்ட்தான் அவர உள்ள தள்ளும்.

நான் 42, எம்சிஏ, ஐடில 15 வருஷம், மனைவி பிகாம். எனக்கு எவ்ளோ வரும்?

நம்ம டிகிரி கனடாவுல எதுக்கு சமம்னு சொல்ற ஈசிஏ ரிப்போர்ட்ல எம்சிஏவ மாஸ்டர்ஸ்னு குடுத்தாங்கன்னு வெச்சுக்குவோம் (அத ரிப்போர்ட் வந்தப்புறம்தான் உறுதியா சொல்ல முடியும்). வயசு 25, படிப்பு 126, இங்கிலீஷ் சிஎல்பி 9னா 116, படிப்பையும் அனுபவத்தையும் இங்கிலீஷோட சேத்துக் குடுக்கற பாயிண்ட் 100, மனைவியோட டிகிரிக்கு 8, அவங்க சிஎல்பி 7 எடுத்தா 12. மொத்தம் 387. இதே ஆள் 30 வயசுல போட்டிருந்தா 457.

இதுல கவனிக்க வேண்டியது அந்த 100. சிஎல்பி 9ங்கறது ஐஇஎல்டிஎஸ் ஜெனரல்ல லிஸனிங் 8, மத்த மூணும் 7. ரைட்டிங்ல மட்டும் 6.5 வந்துட்டா நேரடி பாயிண்ட் 7தான் போகும், ஆனா அந்த 100 அப்படியே பாதியா 50 ஆயிடும். அரை பேண்டுக்கு 57 பாயிண்ட் நஷ்டம். அதனால திரும்ப எழுதறதுக்கு தயங்காதீங்க. பிடிஇ கோர், செல்பிப் ரெண்டும் கூட ஏத்துக்கறாங்க, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பழகினவங்களுக்கு அது ஒத்து வரலாம்.

387க்கு கூப்பிடுவாங்களா?

சாதாரண டிராவுல (பூல்லேருந்து பாயிண்ட் அதிகம் உள்ளவங்களுக்கு இன்விடேஷன் அனுப்பற சுற்றுல) கூப்பிட மாட்டாங்க. உண்மைய சொல்லணும்னா எல்லாருக்கும் பொதுவா நடத்தற டிரா கடைசியா 2024 ஏப்ரல்ல 529க்கு நடந்ததுதான், அதுக்கப்புறம் 2025 முழுக்க கனடாவுல ஏற்கனவே வேலை பாத்தவங்களுக்கு, மாகாணம் நாமினேட் (சிபாரிசு) பண்ணவங்களுக்கு, அப்புறம் குறிப்பிட்ட கேட்டகரிக்குன்னு மட்டும்தான் நடந்துச்சு. கனடா அனுபவம் உள்ளவங்க டிரா எல்லாமே 500க்கு மேல. ஹெல்த்கேர், டீச்சிங், டிரேட்ஸ் (கைத்தொழில்) கேட்டகரி டிரா 2025ல சுமாரா 460லேருந்து 510 வரைக்கும் இருந்துச்சு.

பிரெஞ்ச் கேட்டகரி மட்டும் தனி உலகம். 2024 பிப்ரவரில 336 வரைக்கும் இறங்குச்சு, 2025ல 379லேருந்து 481 வரைக்கும் ஏறி இறங்குச்சு. நாப்பது ப்ளஸ் ஆளுங்களுக்கு இந்தியாவுல உக்காந்துக்கிட்டே கை நீட்டி எட்டற தூரத்துல இருக்கறது எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

இந்த வயசுல பிரெஞ்சா? நக்கல் பண்றீங்களா?

இல்லங்க, சீரியஸாதான் சொல்றேன். நாலு பகுதிலயும் என்சிஎல்சி 7 எடுத்தா (இங்கிலீஷுக்கு சிஎல்பி மாதிரி பிரெஞ்சுக்கு இது), இங்கிலீஷும் நல்லா இருக்கற பட்சத்துல 50 போனஸ், ரெண்டாவது மொழிக்கு 12, ஆக 62. மேல சொன்ன 387 ஆள் 449க்கு போயிடுவார், கூடவே அந்த தனி டிராவுலயும் சேந்துடுவார், 67 கணக்குலயும் 4 வரும். 45 ஆகி வயசு பாயிண்ட் ஜீரோ ஆனாலும் 424 நிக்கும். மாகாண நாமினேஷன தவிர வேற எந்த ஒரு விஷயமும் நம்ம வயசுல இவ்ளோ பாயிண்ட் தராது.

கஷ்டம் இல்லாம வராது. என்சிஎல்சி 7ங்கறது கிட்டத்தட்ட பி2 லெவல் (தடுமாறாம பேசி எழுதற அளவு), ஆஃபீஸ் போய்ட்டு வந்து தினமும் ரெண்டு மணி நேரம்னு உக்காந்தா ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் ஆகும்னு மனச தயார் பண்ணிக்கோங்க. சென்னைலயும் பாண்டிச்சேரிலயும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு, ஆன்லைன் வாத்தியார்களும் நிறைய. பரீட்சை டெஃப் கனடா இல்ல டிசிஎஃப் கனடா, அதோட ரிசல்ட் ரெண்டு வருஷம் செல்லும், ஐஇஎல்டிஎஸும் அதே ரெண்டு வருஷம்தான், அதனால முதல்ல பிரெஞ்ச முடிக்கற நிலைமைக்கு வந்துட்டு இங்கிலீஷ் எழுதுங்க, இல்லன்னா இது வர்றதுக்குள்ள அது எக்ஸ்பயர் ஆயிடும். இன்னொண்ணு, பிரெஞ்ச் படிச்சா கியூபெக்லதான் இருக்கணுமான்னு கேக்கறாங்க. நேர் எதிர், எக்ஸ்பிரஸ் என்ட்ரில வர்றவங்க கியூபெக்குக்கு வெளிய குடியிருக்கறவங்களா இருக்கணும்.

எனக்கு 44, மனைவிக்கு 36, அவங்களும் வேலை பாக்கறாங்க. யார் மெயின் அப்ளிகன்ட்?

ரெண்டு பேருக்கும் கணக்குப் போட்டு பாருங்க, நம்ம ஊர்ல வீட்டுக்காரர் பேர்லதான் போடணும்னு ஒரு பழக்கம், அதுல பாயிண்ட் வீணாப் போகுது. நீங்க மாஸ்டர்ஸ், அவங்க பிஇ, ரெண்டு பேரும் சிஎல்பி 9, ரெண்டு பேருக்கும் மூணு வருஷத்துக்கு மேல அனுபவம்னு வெச்சா உங்க பேர்ல 375, அவங்க பேர்ல 398. டிகிரி ஒரு படி கம்மியா இருந்தும் 23 பாயிண்ட் அதிகம். 67லயும் அவங்களுக்கு பிரச்னை இல்ல. ரெண்டு பேரும் தனித்தனியா ப்ரொஃபைல் போட்டு வெக்கவும் அனுமதி உண்டு, எது முதல்ல வருதோ அதுல குடும்பமா போகலாம்.

மனைவிய 'கூட வரல'ன்னு காட்டினா பாயிண்ட் ஏறும்னு ஏஜென்ட் சொல்றார், செய்யலாமா?

அப்படிக் காட்டினா உங்கள சிங்கிள் மாதிரி கணக்கு பண்ணுவாங்க, அது உண்மைதான். ஆனா உண்மைலயே அவங்க இங்க இருந்து வேலையோ குடும்பமோ பாத்துட்டு அப்புறமா வர்றதா இருந்தா மட்டும் செய்யுங்க. பாயிண்டுக்காக பொய்யா காட்டறது தவறான தகவல் குடுத்த கேஸ்ல போய் நிக்கும், அதுக்கு தண்டனை அஞ்சு வருஷத் தடை. அதோட 45 வயசு கணக்குல பாத்தோமே, ஸ்பவுஸோட இங்கிலீஷுக்கு வர்ற அந்த 5, கூட வந்தாதான் வரும், இந்த வேலை பண்ணி 67லயே கீழ விழுந்துடாதீங்க.

இதுல ரொம்ப முக்கியமானது: கூட வந்தாலும் வராட்டியும் கணவன், மனைவி, குழந்தைங்க எல்லார் பேரையும் சொல்லணும், எல்லாருக்கும் மெடிக்கல் எடுக்கணும். விட்டுட்டீங்கன்னா பின்னாடி அவங்கள ஸ்பான்சர் பண்ற உரிமையே போயிடும்.

என் பொண்ணுக்கு 20 முடிஞ்சு 21 ஆகப் போகுது. அவளையும் சேத்துக்கலாமா?

22 வயசு ஆகாம, கல்யாணம் ஆகாம இருந்தா சேத்துக்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரில முழுமையான பிஆர் அப்ளிகேஷன் போய்ச் சேர்ற அன்னைக்கு அவ வயசு என்னவோ அதுதான் கணக்கு, அதுக்கப்புறம் பிராசஸிங்ல 22 தாண்டினாலும் பரவால்ல. ப்ரொஃபைல் பூல்ல போட்ட தேதி கணக்கு இல்லங்கறத நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

உங்க கேஸ்ல எல்லாத்தையும் விட இதுதான் பெரிய அவசரம். இன்விடேஷன் வந்து 60 நாள் டைம் குடுப்பாங்க, அந்த 60 நாளும் முழுசா எடுத்துக்காம சட்டுனு போட முடியற மாதிரி பிசிசி (போலீஸ் சர்டிபிகேட்), எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பேங்க் லெட்டர் எல்லாம் முன்னாடியே ரெடியா இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 21லேருந்து மெடிக்கலையும் அப்ளிகேஷன் கூடவே குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. கல்ஃப்ல இருந்துட்டு வந்தவங்க, கடைசி பத்து வருஷத்துல ஒரே மூச்சா ஆறு மாசம் இருந்த எல்லா நாட்டுலேருந்தும் பிசிசி வேணும், அது வர்றதுக்கு நாளாகும்.

சுகர், பிபி இருக்கு. மெடிக்கல்ல தூக்கிடுவாங்களா?

கட்டுப்பாட்டுல இருக்கற சுகருக்கும் பிபிக்கும் பொதுவா பிரச்னை வர்றதில்ல. அவங்க பாக்கறது உங்க வைத்தியச் செலவு அரசாங்கத்துக்கு ரொம்ப அதிகமாகுமான்னுதான், அந்த வரம்பு 2024ல வருஷத்துக்கு 26,220 டாலர்னு வெச்சிருந்தாங்க. கிட்னி டயாலிசிஸ் மாதிரி இருந்தா யோசிக்கணும். எதையும் மறைக்காம சொல்லிடுங்க, மாத்திரை சீட்டு, சமீபத்து ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் கையோட எடுத்துட்டுப் போங்க.

பேங்க்ல எவ்ளோ காட்டணும்? ஊர்ல வீடு, நிலம் எல்லாம் இருக்கே

வீடு, நிலத்தோட மதிப்ப கணக்குல எடுக்க மாட்டாங்க. 2025 ஜூலைல வந்த கணக்குப்படி நாலு பேர் குடும்பத்துக்கு 28,362 கனடியன் டாலர், தனி ஆளுக்கு 15,263. வருஷா வருஷம் ஏத்துவாங்க. உடனே எடுக்கக்கூடிய பணமா இருக்கணும், கடன் வாங்கினதா இருக்கக் கூடாது, ஆறு மாச சராசரி பேலன்ஸோட பேங்க் லெட்டர் வேணும். நிலம் வித்த காசு தாராளமா காட்டலாம், பத்திரத்தையும் பணம் அக்கவுண்ட்ல ஏறினதையும் சேத்து வெச்சு ஒரு விளக்கக் கடிதம் குடுங்க. சொந்தக்காரங்க குடுத்த பணம்னா கிஃப்ட் டீட்.

ஃபீஸ் தனி: 2024 ஏப்ரல் 30ல வந்த கணக்குப்படி பெரியவங்க ஒருத்தருக்கு 1,525 டாலர், குழந்தைக்கு 260னு இருந்துச்சு, இத ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஏத்தறது வழக்கம்.

ஏஜென்ட் நூறு பர்சென்ட் கேரண்டின்னு சொல்லி ஜாப் ஆஃபரோட பல லட்சம் கேக்கறார்

குடுக்காதீங்க. தயவு செஞ்சு குடுக்காதீங்க. ஜாப் ஆஃபருக்கு காசு வாங்கறது சட்டவிரோதம். அதுவும் சிஆர்எஸ்ல ஜாப் ஆஃபருக்கு குடுத்துட்டு இருந்த 50, 200 பாயிண்ட 2025 மார்ச் 25ல தூக்கியே ஆச்சு, இன்னும் அத சொல்லி காசு புடுங்கறாங்க. இருபது வருஷம் சேத்த பிஎஃப் பணத்த இப்படி விட்டவங்க கதைய கேக்கறப்போ வயிறு எரியுது.

காசு வாங்கிட்டு கேஸ் நடத்தறவர் கனடா லாயரா இருக்கணும், இல்ல ஆர்சிஐசிங்கற குடியேற்ற ஆலோசகர் லைசென்ஸ் வெச்சிருக்கணும். அந்த ஆலோசகர்களுக்கு லைசென்ஸ் குடுக்கற அமைப்போட (அதுக்குப் பேரு காலேஜ்) பொதுப் பட்டியல்ல பேரையும் நம்பரையும் நீங்களே தேடிப் பாக்கலாம். நேர் கேஸா இருந்தா நீங்களே போட்டுக்கலாம், சிக்கல் இருந்தா மட்டும் ஆள் பிடிங்க.

படிக்கப் போற மாதிரி போய் அங்கயே பிஆர் எடுக்கலாம்னு நெனக்கறேன், 42 வயசு

முன்னாடி நிறைய பேர் இப்படிப் போனாங்க. இப்ப நான் யாருக்கும் சொல்றதில்ல. 2024 நவம்பர்லேருந்து காலேஜ் டிப்ளமோ படிச்சா எல்லா பாடத்துக்கும் வொர்க் பெர்மிட் கிடைக்காது, லிஸ்ட்ல இருக்கற துறையா இருக்கணும். 2025 ஜனவரிலேருந்து ஸ்டூடண்டோட மனைவிக்கோ கணவருக்கோ ஓப்பன் வொர்க் பெர்மிட் வேணும்னா நீங்க படிக்கறது 16 மாசமாவது இருக்கற மாஸ்டர்ஸ், இல்ல டாக்டரேட், இல்ல குறிப்பிட்ட சில தொழில் படிப்பா இருக்கணும்.

கணக்கும் உதைக்குது. ரெண்டு வருஷ டிப்ளமோக்கு 15 பாயிண்ட், ஒரு வருஷ கனடா வேலைக்கு 35, ஆனா அதுக்குள்ள நீங்க 45, வயசோட 25 போயிருக்கும். மிச்சம் 25 பாயிண்ட், அதுக்கு ஃபீஸும் மூணு வருஷமும். அந்த மூணு வருஷத்துல பாதிய பிரெஞ்சுல போட்டா 62 வரும்.

அப்பா அம்மாவ பின்னாடி கூப்பிட்டுக்கலாமா? நான் ஒரே பையன்

இந்த ஒரு விஷயத்த கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்ல உக்காந்து பேசிடுங்க. பெத்தவங்கள பிஆர்ல ஸ்பான்சர் பண்ற திட்டத்துல 2020க்கு அப்புறம் புதுசா பேரே பதியல, பழைய பட்டியல்லேருந்துதான் எடுத்துட்டு இருந்தாங்க. அத நம்பி வராதீங்க.

நடைமுறைல இருக்கறது சூப்பர் விசா. ஒரு தடவ வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம், உங்களுக்கு குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்கணும், அவங்களுக்கு குறைஞ்சது ஒரு லட்சம் டாலருக்கு ஒரு வருஷ மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கணும். 75 வயசுல ஹார்ட் ஆபரேஷன் ஆனவங்களுக்கு பிரீமியம் ரொம்ப கனமா வரும், ஏற்கனவே இருக்கற நோய்க்கு கவர் ஆகுமான்னு பாலிசிய வரி வரியா படிங்க. நெறைய பேர் கடைசில செய்றது, வருஷத்துக்கு ஒரு தடவ ஊருக்குப் போய் இருந்துட்டு வர்றது. பிஆருக்கு அஞ்சு வருஷத்துல 730 நாள் கனடாவுல இருந்தா போதும், அதுக்கு இடம் இருக்கு.

இங்க மேனேஜரா இருக்கேன், அங்க போனா அதே வேலை கிடைக்குமா?

முதல் வேலை பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு படி கீழதான் இருக்கும், அத தெரிஞ்சே வாங்க. டீம மேனேஜ் பண்ணேன்னு மட்டும் ரெஸ்யூமேல இருந்தா கஷ்டம், கைல செய்யற வேலை என்ன தெரியும்னு கேப்பாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி அத தூசி தட்டிக்கோங்க. நர்ஸ், இன்ஜினியர், டீச்சர் எல்லாம் மாகாண லைசென்ஸ் வேணும், அந்த பேப்பர் வேலைய இங்கேருந்தே ஆரம்பிக்கலாம். ஒன்டாரியோல இன்ஜினியர் லைசென்ஸுக்கு கனடா அனுபவம் கட்டாயம்னு இருந்தத 2023ல எடுத்துட்டாங்க, வேலை விளம்பரத்துல கனடா அனுபவம் கேக்கறதுக்கும் 2026 ஜனவரி 1லேருந்து அங்க தடை. எதுக்கும் ஆறு மாசம் ஒருத்தர் வருமானம் இல்லாம ஓட்டற மாதிரி பணம் வெச்சுக்கோங்க.

45ல போனா பென்ஷன் ஏதாவது வருமா?

வரும், ஆனா முழுசா வராது. ஓஏஎஸ்ங்கற முதியோர் பென்ஷன் 65 வயசுல, 18க்கு அப்புறம் கனடாவுல பத்து வருஷமாவது குடியிருந்தவங்களுக்கு. முழுசா வாங்க 40 வருஷம், நீங்க 45ல போனா 65ல 20 வருஷம், அதாவது பாதி. வேலை பாத்து சம்பளத்துலேருந்து கட்டற சிபிபிங்கற பென்ஷன் தனி, கட்டினதுக்கு ஏத்த மாதிரி வரும். இந்தியா கனடா நடுவுல 2015 ஆகஸ்ட்லேருந்து சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இருக்கு, தகுதிக்கு வருஷம் குறைஞ்சா இந்திய வருஷத்தையும் சேத்துப் பாக்கலாம். அதனால இங்க இருக்கற பிஎஃப், என்பிஎஸ் எல்லாத்தையும் அவசரப்பட்டு உடைக்காதீங்க.

49 ஆயிடுச்சு, பிரெஞ்ச் எல்லாம் வராது. வேற வழியே இல்லையா?

இருக்கு, ஆனா முதலாளி வேணும். அட்லாண்டிக் இமிக்ரேஷன் புரோகிராம்ல வயசுக்கு பாயிண்டே கிடையாது, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து இந்த நாலு மாகாணத்துல அங்கீகாரம் வாங்கின கம்பெனி வேலை குடுக்கணும், வேலையப் பொறுத்து இங்கிலீஷ் சிஎல்பி 4 இல்ல 5 போதும். சட்பரி, தண்டர் பே, பிராண்டன், மூஸ் ஜா மாதிரி 14 சின்ன ஊர்களுக்கு 2025ல ஆரம்பிச்ச ரூரல் பைலட்டும் (சோதனைத் திட்டம்) கிட்டத்தட்ட அதே மாதிரி. சமையல்காரர், வெல்டர், முதியோர் பராமரிப்பு வேலை தெரிஞ்சவங்க ஐடி ஆளுங்கள விட இதுல முன்னாடி நிப்பாங்க.

மாகாண நாமினேஷன் கிடைச்சா 600 பாயிண்ட். சஸ்காச்சுவானோட சொந்த கணக்குல 46லேருந்து 50 வரைக்கும் கூட வயசுக்கு 8 பாயிண்ட் குடுக்கறாங்க. ஆனா 2025ல மாகாணங்களோட இடத்த ஃபெடரல் அரசாங்கம் பாதியா வெட்டிடுச்சு, கிடைச்சதுல பெரும்பகுதிய ஏற்கனவே அங்க இருந்தவங்களுக்குக் குடுத்தாங்க. அதனால இத ஒண்ண மட்டும் நம்பி வேலைய விடாதீங்க.

பிஆர் வந்தாச்சு! ஊர்ல இருக்கற நிலம், நகை எல்லாம் என்ன பண்ணணும்?

வாழ்த்துக்கள், இந்தக் கேள்விய சின்ன வயசுக்காரங்க கேக்கவே மாட்டாங்க, நமக்கு சொத்து இருக்கு. கனடாவுல குடியேறின அன்னைக்கு உங்க நிலத்துக்கு, ஷேருக்கு என்ன மார்க்கெட் விலையோ அதையே நீங்க வாங்கின விலையா வரிக்கணக்குல எடுத்துக்குவாங்க, பின்னாடி வித்தா அதுக்கு மேல வர்ற லாபத்துக்குதான் கனடா வரி. அதனால கெளம்பற சமயத்துல ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட தேதி போட்டு மதிப்பு ரிப்போர்ட் வாங்கி வெச்சுக்கோங்க. வாடகைக்கு விட்ட வீடு, ஷேர், டெபாசிட் எல்லாம் சேந்து அந்த வரிக்கணக்கு விலைல (குடியேறின அன்னைக்கு இருந்த மார்க்கெட் விலை) ஒரு லட்சம் டாலர தாண்டினா டி1135னு ஒரு ஃபார்ம் வருஷா வருஷம் போடணும், வந்த முதல் வருஷத்துக்கு மட்டும் விலக்கு.

நகைக்கு லேண்டிங் (பிஆரா கனடாவுல வந்து எறங்கற) அன்னைக்கே கஸ்டம்ஸ்ல பட்டியல் குடுங்க: இப்ப கொண்டு வர்றது ஒண்ணு, பின்னாடி கொண்டு வரப் போறது இன்னொண்ணு. ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, எடை, மதிப்பு. பின்னாடி வர்ற லிஸ்ட்ல போடாம விட்ட நகைய அடுத்த தடவ கொண்டு வந்தா டியூட்டி கட்டற மாதிரி ஆகலாம், அதனால அம்மா வீட்ல லாக்கர்ல இருக்கறதையும் இப்பவே எழுதிடுங்க.